முற்றத்தை அளந்த உயரம்

எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் கொடியேறும் முன் எல்லா வீட்டு முற்றத்திலும் புது மணல் விரிப்பார்கள். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர், மணலுக்கா பஞ்சம்? ஆனால் காலடியில் கிடக்கிற மணல் எங்கள் ஆட்களுக்குப் போதாது. மூடிக் கிடந்த பழைய மணல் ஆலைக்குப் பின்னால் குவிந்திருந்த கறுப்பு மணல்தான் வேண்டும். சீரியல் பல்ப் வெளிச்சத்தில் மினுமினுவென்று மின்னும், மழை பெய்தாலும் சேறாகாது. வருடா வருடம் சாக்குச் சாக்காக அள்ளி வந்து கொட்டியிருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் தெருவைப் பார்த்து நானே வாய் பிளந்தேன்.

சுனாமி முடிந்து சில வருடங்கள் கழித்து, கையில் மீட்டரோடு அரசு ஆட்கள் வந்தார்கள். இந்தக் கரை மணலில் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டாம். ஆலை வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மிச்சம் தள்ளியதில் அது கூடுதலாம். எவ்வளவு இருந்தால் மணலை அள்ளுவது, எவ்வளவு என்றால் விட்டுவிடுவது என்று விதி எழுதப் போகிறோம், ஊர்க்காரர்களும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள்.

என் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கே வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து அடைத்தேன். தெருப் பிள்ளைகள் முற்றத்தில் ஆடும்போது அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுவாள். கேட்டுக்கொண்டு அடுக்களையில் நிற்க என்னால் முடியாது, நானும் அழுவேன்.

முறைக்கு அண்ணியான அடுத்த வீட்டு மைனிக்கு அதைக் கண்டாலே பொறுக்காது. "ஏட்டி, பிள்ளைய ஜெயில்லயா போட்டுருக்க? எங்க பிள்ளையெல்லாம் இதுலதான் உருண்டு வளந்துது."

"உங்க பிள்ள உருண்டா உருளட்டும் மைனி. எம் பிள்ள உருளாண்டாம்."

பிறகு எங்கள் முற்றத்தையும் அளந்தார்கள். அளவு அவர்கள் விதியில் எழுத நினைத்திருக்கும் வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, அள்ள வேண்டியதில்லை என்று சொன்னார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கால் ஸ்டாண்டில், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. என் மகளின் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. அந்த உயரத்தில் என் வீட்டில் யார் தவழ்கிறார்கள்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "படிச்சவங்க அளக்காங்க. நீ போயி வாயக் காட்டாத," என்றார். கடலுக்குப் போகிற மனிதர், கரையில் சண்டை வேண்டாம் என்பார்.

கருத்துக் கேட்கும் கூட்டம் மாதா கோயில் முற்றத்தில் நடந்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆண்கள் பின்னால் கூடி நின்றார்கள். நாங்கள் பெண்கள் வழக்கம்போல நாற்காலிகளுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டோம். ஜெபமாலையோ பஞ்சாயத்தோ, எங்களுக்கு அதுதான் இடம். நாற்காலி எல்லாம் காலி. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அது சங்கடமாக இருந்தது போலும். "அம்மா, நாற்காலி இருக்கே, மேலே உட்காருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்தேன்.

"சாரே, நாங்க இருக்க இடம் இதுதான். மீன் வெட்டுது இஞ்ச, சோறு தின்னுது இஞ்ச. கரண்டு போனா பாய விரிச்சி ஒறங்குதும் இஞ்ச. உங்க மீட்டரு மட்டும் எதுக்கு நாற்காலி ஒயரத்துல நிக்கி? கீழ இறக்கி வையுங்க!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. எல்லா இடத்திலும் இந்த உயரத்தில்தான் அளப்பார்கள், நிற்கிற மனிதரைக் கணக்கில் வைத்து அப்படி முடிவு செய்திருக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, "ஒரு நாளில் எவ்வளவு நேரம் தரையில் இருப்பீங்க?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். கத்தாமல் ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர்.

"கரை ஏறி வந்தா மத்தியானம் பூரா நான் முற்றத்துலதான் கெடப்பேன் சார். எம் பிள்ள வந்து நெஞ்சுல ஏறிக் கெடக்கும். இப்பம் அவ பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கா."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு மனதில் வைத்துக்கொண்டா என்னை வாயை மூடச் சொன்னீர் பாவி!

நாங்கள் சொன்னதையெல்லாம் அதிகாரி எழுதிக்கொண்டு போனார். போனது போனதுதான் என்றாள் மைனி. ஆனால் திரும்பி வந்தார்கள். இந்த முறை ஸ்டாண்டைக் காணோம். வீட்டு முற்றங்களை, உட்காருகிறவர்களையும் தவழ்கிற பிள்ளைகளையும் கணக்கில் வைத்துத் தரையை ஒட்டி அளக்க வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். அந்த உயரத்தில் எங்கள் முற்றம் வரம்பைத் தாண்டிவிட்டது. தன் வீடு தோற்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மைனியின் முற்றமும் தாண்டியது.

மணலை அள்ளிக்கொண்டு போய், தக்கலைப் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பித் திமிசு போட்டு இறுக்கினார்கள். அதற்குள் என் மகள் பலகையைப் பிடித்து நிற்கவே பழகிவிட்டிருந்தாள். கடைசி நாளில் அந்த அதிகாரியே வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, மீட்டரைச் செம்மண்ணில் வைத்து அளவைச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

வீட்டுக்காரர் பலகையை எடுத்தார். நான் பிள்ளையைக் கீழே விட்டேன். கொஞ்ச நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தவள், ஒரு பிடி மண்ணை அள்ளி நேராக வாயில் போட்டாள்.

"அய்யோ!" என்று ஓடினேன்.

"அளந்த மண்ணுதானட்டி," என்றாள் மைனி. "தின்னுட்டுப் போட்டும், விடு."

விரலை விட்டு வாயிலிருந்த மண்ணை எடுத்தேன். எடுத்துவிட்டு, திரும்பவும் அவளைக் கீழேயே விட்டேன்.