கணுக்காலில் படர்ந்த கறுப்பு

இடது கணுக்காலைச் சுற்றிக் கறுப்பு படர ஆரம்பித்தபோது அழுக்கு என்றுதான் நினைத்தேன். தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில், புடவைப் பிரிவில் எனக்கு வேலை. நீடாமங்கலத்திலிருந்து காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. நாள் முழுக்க நிற்க வேண்டும். குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. தோல் தடித்து, பழைய செருப்புத் தோல் போல ஆகிவிட்டது. சாயங்காலமானால் பாதமும் வீங்கியது.

ஒருநாள் ரயிலில் வரும்போது அந்த எண்ணம் வந்துவிட்டது. யானைக்கால். எங்கள் சித்திக்கு இருந்தது. சொந்த மகள் கல்யாணத்திலேயே அவர் மண்டபத்தின் பின்கட்டை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் எதுவும் சொல்லாமல் புடவையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினேன்.

கொசு கடித்த இடத்தைச் சொறிந்ததில் தோல் கிழிந்து நீர் கசிய ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பாவாடை ஓரத்தில் இருந்த ஈரக்கறையை என் கணவர் பார்த்துவிட்டார்.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லைங்க."

"காட்டுன்னு சொல்றேன்ல?"

பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், காலில் ஸ்கேன் செய்தார்கள். முடிவுக்காக வராந்தாவில் காத்திருந்தேன். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார்.

"யானைக்கால் இல்லம்மா. ரத்தக்குழாய்ல வால்வு பழுதாயிருக்கு. மேல போக வேண்டிய ரத்தம் கால்லயே தேங்குது. அதான் தோல் இப்படிக் கறுத்துத் தடிச்சிருக்கு."

நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதோடு விடவில்லை.

"இது சாதாரணம்னு நெனச்சிடாதீங்க. இப்படியே நின்னுக்கிட்டிருந்தா புண்ணு பெருசாயிடும். தேய்ச்சேன்னு சொன்னீங்களே, அந்த நாரைத் தூக்கிப் போடுங்க."

புண்ணுக்குக் கட்டு. குளித்ததும் ஈரத்தை ஒற்றியெடுத்துச் சுற்றியுள்ள தோலுக்குக் களிம்பு. படுக்கும்போது காலுக்கடியில் தலையணைகள். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் கணவர்தான் முதலில் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். மாதக்கணக்கில் இழுத்துப் புண் மூடியது. அதன்பின் இறுக்கமான காலுறை போடச் சொன்னார்கள். கறுப்பு முழுசாகப் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேற்பார்வையாளரிடம் போனேன். "சார், கூட்டம் இல்லாதப்ப உட்கார ஒரு ஸ்டூல் வேணும்." வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். அவர் என் காலுறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது.

உட்காருகிறேன். முதலாளி மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டால் மட்டும் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.