மிளகுக்காரியைப் பெண் பார்க்க வந்தார்கள்

என் முகத்தை வைத்து மிளகு விற்க முடியாது என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் எங்கள் காட்டு மிளகையும், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரும் காப்பிக்கொட்டை, ராகி மாவையும் பொட்டலம் போட்டு வெளியூருக்கு அனுப்புவது என் தொழில். செல்போனில் வீடியோ போட்டால் வியாபாரம் பெருகும் என்றார்கள். போட்டேன். மிளகுக்கொடி பக்கத்தில் நின்று நான் பேசிய முதல் வீடியோவைப் பதினான்கு தடவை பார்த்திருந்தார்கள். அதில் ஒன்பது தடவை பார்த்தது நான். மீதியில் ஒருவர், “அண்ணா, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டிருந்தார்.

அதன் பிறகுதான் அவளைச் செய்தேன்.

செய்தேன் என்றால் கம்ப்யூட்டரில். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே படம் செய்து, அசையவிட்டு, வாயும் அசைக்க வைக்கும். இருபத்துநான்கு வயது, மாநிறம், மலைக்காட்டில் வேலை செய்கிற பெண், சிரித்த முகம் என்று எழுதினேன். முதலில் வந்தவள் மிளகைத் திராட்சைக் குலை மாதிரி தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பலாப்பழங்கள் கிளை நுனியில் மாங்காய் போல ஆடிக்கொண்டிருந்தன. திருத்தித் திருத்தி, பத்து நாளில் ஒரு முகம் வந்து நின்றது. யாருடைய முகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தபோது, எங்கேயோ பார்த்தது போல இருந்தது. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

குரல்தான் சரிப்படவில்லை. செய்தி வாசிக்கிற குரலாக வந்தது. அதனால் என் மனைவியைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வயதைக் குறைத்துக்கொண்டேன்.

“என்ற கொரலு வேணும், மூஞ்சி வேண்டாமாக்கும்?” என்றாள் மனைவி.

“உன்ற மூஞ்சிய ஊரே பாக்கோணுமா?”

“உங்க மூஞ்சிய ஊரே பாத்துச்சே. எழவு விசாரிச்சுட்டுப் போனாங்க.”

மிளகுக்காரி என்று அவளுக்கு ஊர் பெயர் வைத்தது. தினமும் காலையில் ஒரு நிமிடம் வந்து, கொடி எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று பேசிவிட்டுப் போவாள். நான் முப்பது வருடமாக இதே மலையில் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. அவள் சொன்னால் சென்னையிலிருந்து ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டரில் செய்த பெண் என்று வீடியோவின் கீழே போட்டுத்தான் இருந்தேன். எறும்புக்குக் கண்ணாடி மாட்டினால் படிக்கலாம், அந்த அளவு எழுத்து.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குழந்தை இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதில் இருவருக்கும் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. முதலில் ஒரு தட்டு இறங்கியது. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, வாழை இலையில் சுருட்டிய மல்லிகைச் சரம். தட்டுக்குப் பின்னால் அறுபத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா. மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க மகன், புது வெள்ளைச் சட்டையில், பூமிக்குள் போய்விட இடம் தேடுகிறவர் போல நின்றார்.

“ஏனுங்க, மிளகுக்காரப் பொண்ணு ஊடு இதுதானுங்களா? பொட்டலத்துல இந்த விலாசந்தான் போட்டிருக்குது.”

“ஆமாங்க. எத்தன கிலோ வேணுமுங்க?”

“மிளகுக்கு வல்லீங்க. பொண்ணு கேட்டு வந்திருக்கறமுங்க. காளப்பநாயக்கன்பட்டிக்குக் கீழ தோட்டம். கெணத்துத் தண்ணி வத்தாது. இவன் ஒரே பையன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்கு ஒரு வியாதி. சிரித்துக்கொண்டே சொன்னேன். “அந்தப் பொண்ணே கெடையாதுங்கம்மா. கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்க.”

அந்த அம்மா தட்டை இறக்கி வைக்காமலே என்னைப் பார்த்தார்.

“நானும் எத்தனையோ சாக்குக் கேட்டுட்டனுங்க. வயசு சாஸ்தின்னாங்க, படிப்பு பத்தாதுன்னாங்க, தோட்டத்துல சாணி அள்ள எங்க பொண்ணு வராதுன்னாங்க. ஒரு ஊட்டுல நாங்க எருமை வெச்சிருக்கறோம்னு வேண்டாம்னாங்க. பொண்ணே இல்லைன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிப்போடுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “யாருங்க வந்திருக்கறது? உக்காரச் சொல்லுங்க, காப்பி வெக்கறேன்!”

அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. “உள்ளதான் இருக்கறா! நெதமும் கேக்கற கொரலு எனக்குத் தெரியாதுங்களா?” என்று தட்டோடு உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சமையலறையில் என் மனைவி குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“பொண்ணு அம்மாவையே உரிச்சு வெச்சிருக்கறா. கொரலும் உங்களுது, கண்ணும் உங்களுது. நெத்தி மட்டும் அப்பனுது.”

மனைவி சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கேலி செய்வதில் அவள் எனக்குக் குரு. கத்தி கிழங்கில் பாதியில் நின்றது.

“ஆமாங்க,” என்றாள். “எல்லாரும் அப்படித்தாஞ் சொல்லுவாங்க. இப்ப ஊட்டுல இல்லீங்க. சித்தி ஊட்டுக்குப் போயிருக்கறா.”

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் பொறுப்பு முழுக்க என்னுடையது. அவள் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. அதைச் சொன்ன விதமும் பொய் மாதிரி இல்லை. எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போலிருந்தது. திரும்பினேன். அந்த மகன்தான். வெளியே வரச் சொல்லி ஜாடை காட்டினார்.

சவுக்கு மரத்தடியில் நின்று அவர் சொன்னார். “எனக்குத் தெரியுமுங்கண்ணா. ஒருநாள் அதுக்கு ஆறு வெரலு இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“நாப்பத்தோரு ஊடு போயிட்டு வந்துட்டமுங்க. ஒவ்வொரு தடவையும் அம்மா வந்து படுத்துக்கும், சோறு திங்காது. நிறுத்தச் சொன்னாக் கேக்கல. இந்தப் பொண்ணப் புடிச்சிருக்குதுன்னு சொன்னனுங்க. இதுதான் வேண்டாம்னு சொல்ல வராதுன்னு நெனச்சேன். பொட்டலத்தப் பாத்து வெலாசம் கண்டுபுடிக்கும்னு யாரு கண்டாங்க?”

உள்ளேயிருந்து அந்த அம்மா வெளியே வந்தார். மல்லிகைச் சரம் மட்டும் தட்டில் இல்லை.

“பூவ உங்க ஊட்டுக்காரிகிட்டக் குடுத்திருக்கறனுங்க. எங்க கோயில்ல பூ வெச்சுத்தான் வாக்குக் கேப்போம். உங்க பொண்ணுகிட்டயும் அப்படியே கேட்டுக்கறேன். நாளைக்குக் காலையில அவ பேச வாரப்ப தலையில பூ இருந்தா அவளுக்குச் சம்மதம். இல்லீன்னா இதுக்கு மேல நான் ஒரு ஊட்டுப் படியும் ஏறலீங்க. சாதியெல்லாம் நாங்க பாக்கலீங்க. பாக்கற நெலமையிலயும் இல்ல.”

காரில் ஏறும்போது மகன் என் காதருகே சொன்னார். “பூ வெக்காம உட்டுருங்கண்ணா. ஒரே அடியா முடிஞ்சிரும்.”

மிளகுக்காரி அதுவரை ஒரு வீடியோவிலும் பூ வைத்ததில்லை. ஆகவே வேலை சுலபம் என்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இருந்தாலும் ஜாக்கிரதையாக, “தலையில் பூ இருக்கக்கூடாது” என்று எழுதினேன்.

பூவோடு வந்தாள்.

“பூவே வேண்டாம்” என்று எழுதினேன். இரண்டு சரம் வைத்து வந்தாள். “மல்லிகை கூடாது” என்றேன். மல்லிகையோடு கனகாம்பரமும் சேர்ந்துகொண்டது. பதினோரு தடவை. ஒவ்வொன்றிலும் அதே சிரிப்பு, ஒவ்வொன்றிலும் தலை கொஞ்சம் சாய்ந்து, பூ தெரியும்படி. இந்த இயந்திரங்களுக்கு ‘வேண்டாம்’ என்பது காதில் விழாது, எந்தப் பொருளைச் சொன்னாலும் அதை வைத்துவிடும் என்று பிற்பாடு ஒருவர் விளக்கினார். காரணம் தெரிந்துவிட்டதால் அந்த மத்தியானம் எனக்கு வியர்த்தது வியர்க்காமல் போய்விடுமா?

மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கொடுத்த சரம் கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். “அவளுக்கு வந்த பூவ நான் வெக்கவா?” என்று பாய்ந்தாள்.

“ஏம் புள்ள, வெச்சுக்கிட்டே வாராளே,” என்றேன்.

“ஆசையிருக்காதாக்கும்,” என்றாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் என் மூளை வேலை செய்தது. பூவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், புதிதாக ஆரம்பித்து, “தலையில் துண்டு கட்டியிருக்கிறாள்” என்று எழுதினேன். கட்டினாள். மறுநாள் காலை அதைப் போட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு காப்பி குடிக்கும்போது போன் வந்தது.

“ஏனுங்க, துண்டு கட்டியிருக்கறா. உள்ளுக்குள்ள பூ இருக்குதா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?”

பதினோரு படம் செய்த அறிவாளிக்கு இது தோன்றவேயில்லை. மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“சொல்லுங்கம்மா,” என்றாள். கம்ப்யூட்டர் இல்லாமலே குரலில் வயது குறைந்திருந்தது.

“கண்ணு, நீயா பேசறே? பூ வெச்சியா சாமி?”

மனைவி ஆணியில் தொங்கிய சரத்தைப் பார்த்தாள். ஒரு நாளில் பழுத்துப்போயிருந்தது. போனில் அந்த அம்மா மூச்சு விடுவது எனக்கும் கேட்டது.

“வெக்கலீங்கம்மா. அவரு நல்லவரு. எனக்குத்தான் முடியாதுங்க.”



“செரி கண்ணு. மத்தவிய எல்லாம் தரகங்கிட்டச் சொல்லியுட்டாங்க. நீ எங்கிட்ட வாயத் தொறந்து சொன்னியே, அது போதும். நல்லா இரு சாமி. உங்கம்மா மனசு நோகாம நடந்துக்க.”

“செரீங்கம்மா,” என்றாள் மனைவி. போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்து மகன் கூப்பிட்டார். அம்மா தரகரிடம் போவதை விட்டுவிட்டது, வேளைக்குச் சாப்பிடுகிறது என்றார். நன்றி சொன்னார். வைக்கப் போனவர், வைக்காமல் கேட்டார்.

“நெசமாலுமே பூ வெக்கலீங்களாண்ணா?”

பதினோரு படமும் என் எதிரில் வரிசையாக இருந்தன.

“வெக்கலீங்க,” என்றேன்.

“செரிங்க.” கம்ப்யூட்டரில் செய்தது என்று தெரிந்தும் அவருக்கு அது நாற்பத்திரண்டாவது வீடுதான்.

அன்றைக்கே மிளகுக்காரியை மூடினேன். இப்போது மறுபடியும் என் முகம்தான் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. படங்களை எல்லாம் அழித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். பத்தை அழித்தேன். தலை சாய்த்து, ஒற்றைச் சரம் வைத்த ஒன்றை மட்டும், கம்ப்யூட்டரிலேயே வருமான வரி என்று பெயர் போட்ட பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அதை நானே திறப்பதில்லை.

எந்தக் கோப்பை எப்போதெல்லாம் திறந்தார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும். நேற்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. முந்தாநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் படத்தைத் திறந்திருக்கிறார்கள். அதற்கு முந்தின நாளும் அதே நேரம். அந்த நேரத்தில் நான் இரண்டு நாளும் சந்தையில் மிளகு எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பத்து மணிக்கே சந்தைக்குக் கிளம்பிவிட்டேன், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும்.