ட்ரெல்நிட்ஸ் படையின் மஞ்சள் கைமடிப்பு

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வியன்னா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சிப்பாய்களின் சீருடையைப் பற்றி நார்மன் த்ரெல்ஃபாலை மிஞ்ச ஆள் கிடையாது. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். வியன்னாவை விட்டுவிடுவோம், பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒருத்தர் இருக்கிறார், ஆனால் அவருக்குக் குதிரைப்படை மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை மாலைகளில் தேவாலயக் கூடத்தின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். மேசைமேல் பச்சைத் துணி விரித்து, கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பழைய சண்டைகளைப் பகடை உருட்டித் திரும்பவும் நடத்துவார்கள். சண்டையில் தோற்றால் யாருக்கும் வருத்தமில்லை. ஒரு படைப்பிரிவின் சட்டைக் கைமடிப்புக்குத் தப்பான நிறம் பூசியிருந்தால்தான் மானம் கப்பலேறும். இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிப்பதற்கென்றே கண்காட்சிகளில் மேசை மேசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிற கூட்டம் ஒன்று உண்டு. பொத்தான் எண்ணுகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். நார்மன் அந்தக் கூட்டத்துக்கே தலைவர் மாதிரி.

அந்த வசந்தத்தில் மொரீன் கார்சைட் இரண்டு பிஸ்கட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். உள்ளே ட்ரெல்நிட்ஸ் என்கிற குட்டி ஜெர்மன் சமஸ்தானத்தின் படைப்பிரிவு. எல்லாம் அவருடைய அண்ணன் லெஸ்லி வண்ணம் பூசியவை. லெஸ்லிக்கு இப்போது கைநடுக்கம். தேநீர்க் கோப்பையையே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இனி ஒரு பொம்மையைக்கூட அவரால் தொட முடியாது. ஜூன் மாதக் கண்காட்சியில் இவற்றை அணிவகுத்து நிறுத்தி, அண்ணனைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்பது மொரீனின் ஆசை.

சங்கத்தில் தேநீர் போடும் பொறுப்பு ஆர்னால்டுடையது, வம்பு வளர்க்கும் பொறுப்பும் அவருடையதுதான். ஒரு சிப்பாயை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"மொரீன், கைமடிப்பு சிவப்பா இருக்கே. மஞ்சளாத்தானே இருக்கணும்?"

"அப்படியா? யார் சொன்னாங்க?"

"இதோ உக்காந்திருக்காரே, இவர்தான். புத்தகத்துலயே போட்டிருக்காரு. இப்படியே கண்காட்சிக்குக் கொண்டுபோனீங்கன்னா உங்களை உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

மொரீன் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க, நார்மன்?"

"மஞ்சள்னுதான் எழுதியிருக்கேன்."

அது பொய்யில்லை. எழுதித்தான் இருந்தார். எப்படி எழுதினார் என்பதுதான் சங்கதி.

சின்னச் சின்னச் சமஸ்தானங்களின் சீருடைகளைப் பற்றி நார்மன் ஒரு கையேடு போட்டிருந்தார். ட்ரெல்நிட்ஸுக்கு மட்டும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. ஒரு கடிதம் போட்டுக் கேட்டார், ஆவணமெல்லாம் தீயில் போய்விட்டது என்று அங்கிருந்து பதில் வந்தது. இப்படி நேர்ந்தால் பக்கத்துப் படைப்பிரிவைப் பார்த்து ஒரு நிறம் போட்டு, 'ஊகம்' என்று ஒரு வார்த்தை சேர்ப்பது வழக்கம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கையேடு முழுக்க ஊகமே இல்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை முகத்தில் மரு மாதிரி உறுத்தியது. கையேட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த தூரிகையில் மஞ்சள் இருந்தது. மஞ்சள் என்று எழுதிவிட்டார்.

பிறகு ஒரு டச்சுக்காரர் தன் பெரிய புத்தகத்தில் அதை அப்படியே எடுத்துப் போட்டார். அத்தோடு போயிருக்கலாம். இரண்டாம் பதிப்பில் நார்மன் அந்த டச்சுக்காரரையே தனக்குச் சாட்சியாகக் காட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை மொரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். ஒரு டப்பா முடிந்திருந்தது. நார்மன் எட்டிப் பார்த்தார். லெஸ்லி மயிரிழை கனத்தில் போட்டிருந்த நிழல்கோடுகள் எல்லாம் கெட்டியான மஞ்சளுக்குள் மூழ்கிப் போயிருந்தன.

"அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல," என்றார் மொரீன். "நீங்க சொன்னதுன்னா ஒத்துக்குவான்."

நார்மன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார். கீழே போய்த் தேவையில்லாமல் கைகழுவினார். அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் பார்த்தார். கோட்டு மாடியில் இருந்தது. ஏறி வந்தார்.

"மொரீன், பிரஷ்ஷைக் கீழ வைங்க."

"ஏன், வெளிய வழிஞ்சிருச்சா?"

"அந்த மஞ்சள் நானா இட்டுக்கட்டினது. ஆதாரம் ஒண்ணும் கிடையாது."

ஆர்னால்டு சிரித்தார். "யோவ், டச்சுக்காரர் புத்தகத்துலயும் மஞ்சள்தானேய்யா?"

"அவர் என்னைப் பாத்து எழுதினாரு."

"நீ அவரைப் பாத்து எழுதினதாத்தானே போட்டிருக்கே?"

"ஆமா."

ஆர்னால்டின் சிரிப்பு நின்றது. அடுத்த மேசையில் பகடை உருட்டும் சத்தமும் நின்றது. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட நார்மனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"போன வாரம் நான் உங்களைக் கேட்டேனே," என்றார் மொரீன். "அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

மொரீன் டப்பாவை மூடினார். "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அவன்கிட்ட சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நார்மன் போனார். மொரீன் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல், டச்சுக்காரர் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னார். லெஸ்லி ஒரு மஞ்சள் கைமடிப்புச் சிப்பாயை இரண்டு கையாலும் ஏந்தி, நடுங்க நடுங்கக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீங்க எதைப் பாத்துப் பூசினீங்க?" என்று நார்மன் கேட்டார்.

"ட்ரெல்நிட்ஸ் சர்ச் சுவத்துல அந்தப் படையோட கேப்டன் படம் ஒண்ணு தொங்குது. பஸ் மாறி மாறிப் போனேன். அங்கயே நின்னு நிறம் கலந்து, அட்டையில தடவி எடுத்துட்டு வந்தேன். அப்ப கை நல்லாருந்துச்சு."

நார்மன் ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டவர்.

"மஞ்சளை நானே கரைச்சு எடுத்துடறேன். அடியில உங்க வேலை மிஞ்சுமான்னு தெரியல. மிஞ்சலேன்னா உங்க பக்கத்துல உக்காந்து, நீங்க சொல்லச் சொல்லப் பூசறேன். புத்தகத்துலயும் மாத்திடறேன். மஞ்சள் என் கற்பனை, கைமடிப்பு சிவப்பு, லெஸ்லி கார்சைட் நேர்ல பாத்ததுன்னு போட்டுடறேன்."

லெஸ்லி சிப்பாயை மேசையில் வைக்கப் பார்த்தார். அது சாய்ந்தது. மொரீன் நிமிர்த்தி வைத்தார்.

"சிவப்பு இல்ல," என்றார் லெஸ்லி. "செங்கல் நிறம். இந்தத் தடவையாவது பாத்துட்டு எழுதுங்க."