இரண்டாம் நடை

ஊரிலுள்ள உறவினருக்குப் பெரிய ஊர்தி வாங்கிக் கொடுப்பது பகட்டு, சிறியது வாங்கிக் கொடுப்பதே அறிவுடைமை என்னும் பேச்சைப் புலம்பெயர்ந்தோரின் கூடுகைகளில் இப்போது அடிக்கடி கேட்கிறேன். நானும் அக்கருத்தைப் பலரிடம் வலியுறுத்தி வந்தவன். மன்னாரில் ஓராண்டு தங்கி மீண்டபின் அதனை முன்போல் உரைக்க இயலவில்லை. அதற்குக் காரணம் விலையுமன்று, எரிபொருளுமன்று; நன்கறிவேன் என்று நான் நம்பியிருந்த ஒரு தமிழ்ச் சொல். அதனை எழுதிவைக்காவிடின், அச்சொல்லோடு பிணைந்த ஒரு செய்தியும் எழுதப்படாமலே போய்விடும். ஆதலின் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் நான் ஓட்டுவது சிறிய கலப்பாற்றல் மகிழுந்து. ஹைபிரிட் என்று யாவரும் அழைப்பது. பெற்றோல் இயந்திரமும் மின்கலத்தால் இயங்கும் மோட்டாரும் முறைமாறி இழுப்பது. வாங்கிய புதிதில் காலைதோறும் எனக்கு ஒரு குழப்பம் நேர்ந்தது. பொத்தானை அழுத்துவேன்; ஓசை எழாது. இயங்கவில்லைபோலும் என்று மீண்டும் அழுத்துவேன். ஓசையின்றி இயங்கிக்கொண்டிருந்தது நின்றுவிடும். அடுத்த வீட்டு முதியவர் மனைவியை இழந்தவர். மிகப் பெரிய கலப்பாற்றல் எஸ்.யூ.வி. ஒன்றில் தாமும் தம் சிறு நாயுமாகச் செல்பவர். என் தடுமாற்றத்தை ஒருநாள் பார்த்து நின்றவர், "இது உங்கள் இரண்டாவது காரா?" என்று ஆங்கிலத்தில் வினவினார். "ஆம், முதலாவது பழுதாகிவிட்டது, விற்றுவிட்டேன்" என்றேன். அவர் முகம் இரக்கத்தால் வாடியது. வேண்டும்போது தம் வண்டியை நான் எடுத்துச் செல்லலாம் என்று அன்று மாலையே வந்து கூறினார். வீட்டில் பெரியதொன்று நிற்க, அதற்குத் துணையாக வைத்திருப்பதையே அந்நாட்டில் இரண்டாவது கார் என்பர் என்று என் மகன் பின்னர் விளக்கினான். நான் வாங்கிய வரிசையைச் சொன்னேன். அவரோ என் வறுமையை அறிந்துகொண்டார்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், நானும் மனைவி ரோசலினும் மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளிக்குச் சென்றோம். அங்கே என் தங்கை பிலோமினா, மகள் ஜெனிற்றாவின் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தாள். எங்கள் பிறந்த ஊர் பெருநிலத்துக் கரையிலுள்ள விடத்தல்தீவு. அங்கிருந்து இடம்பெயர்ந்த காலத்தில்தான் அவள் கணவர் சூசைநாயகம் காணாமற்போனார். ஊரவர் பலர் திரும்பிச் சென்று கூரை வேய்ந்துகொண்டிருந்தனர். பிலோமினா ஒருமுறையேனும் அங்கே அடிவைக்கவில்லை. அவளை அழைத்துச் சென்று, பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டு வளவை ஒருமுறை காணச் செய்யவேண்டும் என்பதே என் பயணத்தின் நோக்கம். எங்கள் ஊர்க் கோயில் திருநாளன்று போவோமா என்று கேட்டேன். "பாப்பம்" என்றாள். அதுவரை மறுத்தே வந்தவள் அவ்வளவு சொன்னதே எங்களுக்குப் பெரிதாயிருந்தது.

அப்பயணத்துக்கும் அதன்பின் குடும்பத்தின் பயன்பாட்டுக்குமாக ஓர் ஊர்தி வாங்க எண்ணினேன். ஜெனிற்றாவின் கணவன் அன்ரன் கடற்றொழில் செய்பவன், ஓட்டுதலும் அறிந்தவன். யப்பானிலிருந்து இறக்கிய இரண்டு வண்டிகளை அவன் பார்த்து வந்தான். ஒன்று பெரிய கலப்பாற்றல் எஸ்.யூ.வி., மூன்று வரிசை இருக்கைகள் கொண்டது; ஊரில் அவ்வகை அனைத்துக்கும் ஜீப் என்றே பெயர். மற்றையது நான் கனடாவில் ஓட்டுவது போன்ற சிறிய கார். அன்ரன் கருத்துக் கூறுமுன் பிலோமினா, "ஜீப்பை எடுங்கோ அண்ணை" என்றாள். சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற தங்கை இவ்வாறு கூறியது எனக்கு வியப்பளித்தது. அயலார் கண்ணுக்கு அழகாயிருக்க விரும்புகிறாள் என்று கருதினேன். வீட்டுக்கு வரும் ஒழுங்கை குறுகியது, பெரிய வண்டிக்கு எரிபொருள் மிகுதியாகும், கடற்காற்றில் துருப்பிடிக்கும் பரப்பும் மிகுதி என்றெல்லாம் எடுத்துரைத்தேன். அவள் மீன் வெட்ட எழுந்து சென்றுவிட்டாள்.

அன்ரனின் தாயார் திரேசம்மா, எதையும் இரண்டு கேள்வி கேட்டே ஏற்றுக்கொள்பவர், நான் வாங்கிவந்த சிறிய காரைச் சுற்றிவந்தார்.

"மாஸ்ரர், இது என்னத்தில ஓடுது?"

"இது கலப்பாற்றல் ஊர்தி. இரண்டும் கலந்து ஓடும்."

"கலப்போ? அப்ப மண்ணெண்ணெய்க் கலப்பே?"

"இல்லை, மின்சாரமும் பெற்றோலும்."

"உங்களுக்குத் தெரியாது. பெற்றோலுக்குத் தடை இருந்த எங்கட காலத்தில எல்லாம் கலப்புத்தான். ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு, மிச்சம் முழுக்க மண்ணெண்ணெய். மோட்டச்சைக்கிள் போனால் பின்னால வாறவனுக்குக் கண்ணெரிவுதான். இதில புகையும் இல்லை, சத்தமும் இல்லை. இது ஓடுதெண்டு கழுதைக்கு ஆர் சொல்லுறது?"

அவர் கூறியது நடந்தது. மன்னார் வீதியிற் படுத்திருக்கும் கழுதைகள் பேருந்தின் ஓசைக்கு எழும். என் காருக்கு எழுவதில்லை. அன்ரன் இறங்கிச் சென்று கைதட்டவேண்டியிருந்தது. வேறொன்றும் அங்கே எனக்கு விளங்கியது. ரொறன்ரோவின் சமிக்கை விளக்குகளில் நின்று நின்று செல்கையில், பிரேக் என்னும் தடுப்பை அழுத்துந்தோறும் மின்கலம் ஊட்டம் பெறும், பெற்றோல் மீதமாகும். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நேர்ச்சாலையில் தடுப்பை அழுத்தும் தேவையே அரிது. ஆகவே நான் வாதிட்ட சிக்கனத்தில் ஒரு பகுதி கனடாவுக்கே உரியதாய் இருந்தது. பின்னிருக்கையருகே மின்கலத்துக்குக் காற்றுப் புகும் துளைகள் உள்ளன. அவற்றை மறைத்து அன்ரன் ஈரவலைப் பையை வைத்துவிட்டு, "காத்து எங்களுக்கே காணாது மாமா, பற்றரிக்கும் வேணுமோ?" என்று சிரித்தான்.

திருநாட் காலை வந்தது. பிலோமினா வெண்சேலை உடுத்தி யாவருக்கும் முன்பே காரில் ஏறி அமர்ந்தாள். நானும் ரோசலினும், ஜெனிற்றாவும் அன்ரனும், அவர்களுடைய இரு சிறுமியரும், திரேசம்மாவும், சோற்றுப் பானையுமாக ஒருவர்மீது ஒருவர் நெருங்கி அமர்ந்தோம். கார் ஒழுங்கை மணலில் அடிவயிறு உரச நின்றுவிட்டது. சக்கரங்கள் ஓசையின்றி மணலைத் தோண்டின. அனைவரும் இறங்கித் தள்ளி, வண்டியை வன்தரைக்குக் கொணர்ந்தோம். அன்ரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இயல்பாகச் சொன்னான்:

"ஒண்டும் யோசியாதையுங்கோ. ரெண்டு நடையாப் போவம். முதல் நடையில மாமியாக்களை இறக்கிப்போட்டு, திரும்பி வந்து மற்ற ஆக்களை ஏத்திறன்."

நடை என்னும் சொல்லுக்கு ஒழுக்கம், உரைநடை, கோயில் வாயில் எனப் பல பொருள்களை மாணவருக்குக் கற்பித்தவன் நான். பாரம் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு தடவையையும் ஊரில் ஒரு நடை என்பர். மணலோ நெல்லோ மக்களோ, எதுவாயினும் அவ்வாறே. நெடுங்காலத்தின்பின் அவ்வழக்கைக் கேட்ட மகிழ்ச்சியில் சிறுமியரை அழைத்து, "பாருங்கோ பிள்ளையள், ட்ரிப் எண்டு சொல்லாமல் அப்பா என்ன வடிவாச் சொல்லுறார்! முதல் நடை, ரெண்டாம் நடை. எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். அவர்கள் இருவரும் உரத்துச் சொன்னார்கள். ஜெனிற்றா என் கையைப் பற்றினாள். பிலோமினா, அன்ரன் திறந்துவைத்திருந்த கதவைத் தானே சாத்திவிட்டு, வீட்டை நோக்கி நடந்தாள்.

பின்தொடர்ந்து சென்றேன். "என்ன பிலோமினா, கார் சின்னதெண்டு கோவமோ?"

"சின்னதெண்டு ஆர் சொன்னது? எல்லாரும் ஒண்டாப் போறதெண்டால் வாறன். இல்லாட்டில் நீங்கள் போட்டு வாங்கோ."

"ரெண்டு மணித்தியாலத்தில அன்ரன் திரும்பி வந்திடுவான்."

"அப்பிடித்தான் அவரும் சொன்னவர்."

அவள் வீட்டினுள் சென்றுவிட்டாள். எஞ்சியதைக் கூறியவள் ஜெனிற்றா. விடத்தல்தீவை விட்டு வடக்கே சென்ற நாளில் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும். மாந்தைப் பக்கத்து வேளாண்மைக் குடியைச் சேர்ந்த ஒருவர், தம் குடும்பத்தைச் சேர்ப்பித்துவிட்டு, அறியாத மக்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டியில் இடமில்லை. அயல்வீட்டுக் கைக்குழந்தைக்காரி ஏறட்டும் என்று சூசைநாயகம் இறங்கிக்கொண்டார். "நானும் வலையும் ரெண்டாம் நடையில வாறம்" என்று மனைவியிடம் சொன்னார். முதல் நடை சென்று சேர்ந்தது. உழவு இயந்திரம் மீண்டும் புறப்பட்டுப் போயிற்று. பின்னர் அச்சாலையால் எவரும் வரவில்லை. ஓட்டிச் சென்றவரும் வரவில்லை. "மாமா, அந்தச் சொல்லை நாங்கள் வீட்டில சொல்லுறேல்லை. இவர் வெளிக்கிடுற அவதியில மறந்துபோனார்" என்றாள். அன்ரன் தலைகுனிந்து நின்றான். காணாமற்போனார் என்று தொலைபேசியில் எனக்குக் கூறப்பட்டிருந்தது. எவ்வாறு என்று நான் கேட்டதில்லை. கேட்கத்தகாதது என்று எண்ணியிருந்தேன்.

ரோசலின்தான் வழி சொன்னாள்: "காரை விடுங்கோ. பஸ்சில போவம்." சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு நடந்தோம். பேருந்து வந்ததும் பிலோமினா ஏறாமல் வாயிலருகே நின்று, ஒவ்வொருவராக முன்னே அனுப்பினாள். நடத்துநர் பொறுமையிழந்தார்.

"அம்மா, ஏறுங்கோ! பஸ் வெளிக்கிடப் போகுது!"

"என்ர ஆக்கள் எல்லாரும் ஏறட்டும் தம்பி."

"மன்னார் முழுக்க உங்கட ஆக்களோ?"

"ஓம். உம்மையும் சேர்த்துத்தான். நீர் முதல்ல ஏறும்."

பேருந்து சிரித்தது. அவள் கடைசியாக ஏறினாள். மன்னார் நகரில் வண்டி மாறியபோதும் அவ்வாறே செய்தாள்.

பூசை முடிந்து வளவுக்குச் சென்றோம். சுவர்கள் நின்றன, கூரை இல்லை. உடைமுள் அடர்ந்திருந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து அருகே நின்றேன். அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பின்பு வாயிற்படலை இருந்த இடத்தில் நின்று வீதியை இருபுறமும் நோக்கினாள். "இஞ்ச ஒரு கொட்டில் போட்டால் காணும் அண்ணை. நான் வந்து இருக்கிறன்" என்றாள். தனியாகவா என்று கேட்டேன். "வாறவைக்கு இந்த விலாசம்தானே தெரியும். வந்தால் ஆரும் இருக்கவேணுமெல்லோ" என்றாள்.

அம்மாதமே சிறிய காரைக் கொடுத்துவிட்டு ஜீப்பை எடுத்தோம். "போன மாதம் இது பகட்டெண்டனியள் மாமா" என்று அன்ரன் குத்திக் காட்டினான். அவனுக்கு அவ்வுரிமை உண்டு. அது கூடுதலாகவே பெற்றோல் குடிக்கிறது. ஒழுங்கையின் இருபக்க வேலியையும் உரசுகிறது. பிலோமினா ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டியிருக்கிறது. அதன் மின்கலம் முதுமையடைந்தால் மன்னாரில் மாற்றுவோர் உளரா என்பதும் தெரியவில்லை. சிறிய காருக்குச் சார்பாக நான் அன்று கூறியவற்றுள் பெரும்பாலானவை இன்றும் உண்மையே. ஆயினும் அந்த ஜீப்பில் எட்டுப் பேரும் அமரலாம்.

பிலோமினா இப்போது விடத்தல்தீவில் இருக்கிறாள். நாங்கள் கனடாவுக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிறுதோறும் பிற்பகலில் அன்ரன் குடும்பத்தோடு அவளை ஏற்றிக்கொண்டு எங்கேனும் செல்வான். புறப்படுமுன் அவள் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். இங்கே அப்போது விடியாத பனிக்காலை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசுவேன். "எல்லாரும் ஏறியாச்சு அண்ணை. கடைசிச் சீற்றில ரெண்டு இடம் கிடக்கு, உங்களுக்கும் மச்சாளுக்கும்" என்பாள். கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும். பின்பு ஓசையற்ற அவ்வூர்தி எங்களை விட்டுவிட்டுப் போகும்.

இக்கட்டுரையில் இடப்பெயரிலோ ஊர்திகளைப் பற்றிய விளக்கத்திலோ சொல்லாட்சியிலோ பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. சிறப்பாக, மாந்தைப் பக்கத்தாரும் அச்சாலையால் அன்று வந்தோரும் இதனைப் படிக்க நேர்ந்தால், ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். இரண்டாம் நடை வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பிழையாயின், எனக்கன்று, விடத்தல்தீவில் இருக்கும் என் தங்கைக்கு அறிவியுங்கள்.