காற்று இல்லாத நாள்

என் தங்கையின் கணவர் கிரேன் ஆபரேட்டர். சாலையில் ஓடுகிற கிரேன் இல்லை. கட்டிடம் எழும்ப எழும்பத் தானும் எழும்பி, உச்சியில் ஒரு நீண்ட கையை நீட்டிக்கொண்டு நிற்குமே, அது. அதன் கழுத்தில் இருக்கிற கண்ணாடி அறைக்குக் காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். டீயைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அதனால் வேலையிடத்தில் அவருக்கு மாடிவீட்டுக்காரர் என்று பெயர். மாடிவீட்டுக்காரர் எழுந்தாச்சா, மாடிவீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று வாக்கிடாக்கியில் கிண்டல் ஓடும். வீடு வாடகைக்கு இல்லை என்று அவரும் பதில் சொல்வார். அப்படி வாயாடிய மனிதர்.

நான் கீழே நிற்கிற சிக்னல்காரன். கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, எங்கே கொண்டுபோக வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்வது என் வேலை. மேலிருந்து பார்த்தால் பாதி இடம் தெரியாது. நான் நிறுத்து என்றால் நிறுத்துவார், இறக்கு என்றால் இறக்குவார். வீட்டில் நான் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள், அங்கே மட்டும் என் பேச்சைத் தட்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் வாடா, போடாதான். தங்கையைக் கொடுத்த பிறகு நான் 'வாங்க மாப்ள' என்று மாறிவிட்டேன். அவர் மாறவில்லை.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. கம்பிக் கட்டை இறக்கினால் தரைக்கே தெரியாது. பெற்றவர்கள் இல்லாமல் அக்காவிடம் வளர்ந்தவர். அக்காவின் கணவருக்குச் சொந்த லாரி. அதில் க்ளீனராக ஏறி, பிறகு கட்டிட வேலைக்கு வந்து, கொக்கி மாட்டி, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தவர். அந்த அக்கா வாரம் தவறாமல் வெளியூரிலிருந்து போன் செய்வாள். அத்தான் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டால் தூங்குகிறார் என்பாள். லாரி என்னாச்சு என்றால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்பாள். எத்தனை மாசமாக? இதற்குள் புது லாரியே செய்திருக்கலாம் என்று நான் கிண்டலடித்திருக்கிறேன்.

இதற்கு முந்தின கட்டிடத்தில் ஒரு நாள் சுமை தூக்கும் பட்டை அறுந்தது. மரப்பலகைக் கட்டு அப்படியே கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்த ஆட்கள் அப்போதுதான் டீ குடிக்க நகர்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. பட்டை பழசு, ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பிழைத்தவர்கள் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை இறங்கி வந்து, பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை இழுத்து எடுத்தார். அப்பளமாக நசுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போனது. ஏதாவது ஆகியிருந்தால் நாலு பேர் வந்து விசாரித்திருப்பார்கள், ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் ஆகாதவனை யார் விசாரிப்பார்கள்? அவரே தன்னை விசாரித்துக்கொள்ளவில்லை.

புதுக் கட்டிடத்துக்கு வந்த பிறகுதான் காற்று ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காற்று அதிகம் என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும். காற்று மீட்டர் அவர் அறையில்தான் இருக்கிறது. இன்ஜினியரே ஆனாலும் எதிர்த்துக் கேட்க முடியாது. முதலில் எப்போதாவது சொல்வார். பிறகு அடிக்கடி. ஒரு நாள் சுமை பாதி வழியில் நிற்க, காற்று என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். சாரத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சிமென்ட் கொட்டிய இடத்தில் தூசி எழுந்த இடத்திலேயே நின்றது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கீழே இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இவர் மேலே உட்கார்ந்து தூங்குகிறாரோ என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது நேராகவே கேட்டேன். நீ மேலே வந்து பார், அப்போது தெரியும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கைதான் அழுதுகொண்டே சொன்னாள். கட்டிலை மின்விசிறிக்கு அடியிலிருந்து சுவரோரம் நகர்த்திவிட்டாராம். படுத்தால் தூக்கமில்லை, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறாராம். குழந்தை மேஜைக்கு அடியில் விளையாடப் போனதற்கு, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாராம். கத்திவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க, அண்ணா. அப்புறம் எவன் அவரை மேல ஏத்துவான்? நீ வாயைத் திறக்காத."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எங்கள் வேலையிடத்தில் தினமும் காலையில் வரிசையாக நிற்க வைத்து, எல்லோரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்பார்கள். காய்ச்சலில் முனகுகிறவன்கூட நல்லா இருக்கேன் என்றுதான் கத்துவான். கை உடைந்தால் காட்டலாம். இதை எதைக் காட்டிச் சொல்வது?

இன்ஜினியர் முட்டாள் இல்லை. இத்தனை நாள் காற்றா என்று யோசித்து, மேலே இருக்கிற மீட்டர் காட்டுவதைக் கீழே அலுவலகத்திலும் பார்க்கிற மாதிரி ஒரு பெட்டியை வாங்கி மாட்டிவிட்டார். அதைக் காலை வரிசையிலேயே பெருமையாக அறிவித்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. லீவு சொல்லிவிட்டுப் போங்க என்று காதோரம் சொன்னேன். கேட்காமல் ஏணியைப் பிடித்து ஏறினார்.

அன்று கான்கிரீட் சுவர்ப் பலகைகளை மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சுவர் அளவு. போகிற வழியில் ஆட்கள் யாரும் நிற்கக் கூடாதுதான். ஆனால் கம்பி கட்டுகிறவர்கள், இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று நகர மாட்டார்கள். முதல் பலகை சரியாக அவர்கள் தலைக்கு மேல் போனதும் நின்றது. நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஏன் நின்றது என்று இன்ஜினியர் வாக்கிடாக்கியில் கேட்டார். காற்று என்று பதில் வந்தது. கீழே பெட்டியில் ஒன்றுமே காட்டவில்லையே என்றார் அவர். வாக்கிடாக்கியில் கரகரப்பு மட்டும் கேட்டது. அந்த வாக்கிடாக்கியில் பேசினால் ஸ்டோர்க்காரர், வாசல் காவலாளி, கம்பி கட்டுகிற மேஸ்திரி என்று எல்லோருக்கும் கேட்கும். பொத்தானை அழுத்தி, மேலே காற்று வேறு மாதிரி இருக்கும் சார், பெட்டி புதுசு, தப்பாகக் காட்டலாம் என்று அளந்துவிட்டு, மூச்சு வாங்கப் பொத்தானை விட்டேன்.

"மச்சான், விடு. எனக்காக நீ பொய் சொல்லாத."

மறுபடி அழுத்தப் போன விரலை எடுத்தேன். அவர் குரல் மறுபடி வந்தது.

"காத்து இல்ல சார். எனக்குத்தான் முடியல. நெஞ்சு அடைக்குது, கை நடுங்குது. ஆளுங்க தலைக்கு மேல கொண்டுபோனாலே இப்படி ஆகுது. ரொம்ப நாளா இப்படித்தான். முதல்ல அவங்கள நகரச் சொல்லுங்க."

மேஸ்திரி ஒரு அதட்டல் போட்டார். கம்பிக்காரர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை. எல்லாத் தலைகளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"மச்சான், பேசிக்கிட்டே இரு" என்றார் மாப்பிள்ளை. "நீ பேசினா நான் இறக்கிடுவேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வலது. இன்னும் வலது. மெதுவா. உங்க வீட்டுச் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுது மாப்ள, எப்பத்தான் மாத்தப் போறீங்க. நிறுத்துங்க. இப்ப இறக்குங்க. வாஷர் நானே வாங்கிட்டு வர்றேன், நீங்க மாத்துறதா இல்ல. இன்னும் கொஞ்சம். கொஞ்சம். அவ்வளவுதான். பலகை தரையைத் தொட்டபோது வழக்கம்போல் சத்தமே வரவில்லை.

ஏணியில் இறங்கத்தான் வெகுநேரம் பிடித்தது. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அதுவரை அவ்வளவு பயந்ததில்லை.

இன்ஜினியர் முதலில் கத்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். டாக்டர் சரி என்று எழுதித் தரும்வரை மேலே ஏற விட முடியாது, அதுவரை ஸ்டோரில் இருங்கள் என்றார். நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தங்கை மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் வறுத்தெடுத்தாள். ஊரே கேட்கிற மாதிரி அவரைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்றாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் இடுப்பு வலி என்று சொல்லி வைத்தாள். நாத்தனார் போன் செய்தாலும் அதே இடுப்பு வலிதான்.

வேலையிடத்திலும் சும்மா இருப்பார்களா? வேலைக்கு மட்டம் போடுகிறவனெல்லாம் எனக்குக் காற்றடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னாலேயே, மாப்பிள்ளை காதில் விழும்படி ஒருவன் சொன்னான். பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, "அந்தப் பலகைக்குக் கீழ நானும்தான் நின்னேன்" என்றான். கம்பி கட்டுகிறவன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை, அவன் கேட்ட கையுறையை எடுத்து நீட்டினார். அவனும் வாங்கிக்கொண்டு போனான்.

டாக்டரிடம் போனார். முதல் தடவை வாயே திறக்கவில்லையாம். மாத்திரை சாப்பிட்டால் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது என்பார், சாப்பிடாவிட்டால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். மேலே வேறொருவர் ஏறிவிட்டார். ஸ்டோரிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் மாப்பிள்ளை தரையைப் பார்த்தே நடந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அன்று அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன். அடுத்த நிமிஷமே அந்தப் பலகை கண்ணில் வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாஷரை எடுத்துக்கொண்டு குழாய் மாற்றப் போயிருந்தேன். கட்டில் இன்னும் சுவரோரம்தான் கிடந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்திருந்தார். போன் வந்தது, அவருடைய அக்கா. தங்கை சமையலறை வாசலில் நின்று, நல்லா இருக்கார், இப்போது பரவாயில்லை என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். இடுப்புக்கு ஒரு எண்ணெய் இருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இடுப்பு வலியெல்லாம் இல்ல அண்ணி. அவருக்கு மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட போறோம், மாத்திரை சாப்பிடுறாரு. அதுக்கென்ன இப்போ?"

யாரும் ஒன்றும் சொல்வதற்குள்ளேயே அந்த 'அதுக்கென்ன இப்போ'வைச் சண்டைக்குப் போகிற மாதிரி சொன்னாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழாதீங்க அண்ணி, அழாதீங்க என்றாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினாள்.

"லாரி ஒர்க்‌ஷாப்ல இல்லையாம். வாசல்லதான் நிக்குதாம். உங்க அத்தான் அதுல ஏறவே மாட்டேங்குறாராம், ரூமை விட்டே வெளிய வர்றதில்லையாம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம அண்ணி இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்காங்க."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். அத்தான் முழித்திருக்கிறாரா என்று கேட்கச் சொன்னார். முழித்துத்தான் இருக்கிறார், எப்போதுமே முழித்துத்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது. அவர் கையை நீட்டினார். போனை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அத்தான் வந்துவிட்டார் போலிருக்கிறது, பேச்சில்லை.

"அத்தான், நான்தான். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசுறேன், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. போன கட்டிடத்துல ஒரு பிளாஸ்க் கிடைச்சுது எனக்கு. நசுங்கிப் போன பிளாஸ்க்."

அந்தப் பிளாஸ்க்கைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. தண்ணீர்ச் சத்தம் குறுக்கே வர வேண்டாம் என்று, மாற்றி முடித்த குழாயைத் திறந்து பார்க்காமல் நான் அப்படியே நின்றேன்.