அப்பா ஆமென் சொல்லாத இடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கைக் கழற்றி மாட்டியது. மாசாயில், எங்கள் வீட்டு வாசலில். நான் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். அன்றும் ஸ்பானர் அவர் கையில்தான். நட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தது மட்டும் நான்.

அப்பா பெயர் அர்ச்சுனன். கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பாசீர் கூடாங் துறைமுகத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காகச் சபைக்குப் போனார். பிறகு அம்மாவைவிட அதிகமாகப் போனார். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றவில்லை.

சில வருடங்களாக வேறு மாதிரி பேசினார். பிதா ஒருவரே கடவுள். இயேசு அவர் அனுப்பிய மகன், கடவுள் அல்ல. யாரும் சொல்லித்தரவில்லை. தானே வாசித்து வந்து சேர்ந்த முடிவு.

கோயிலுக்குப் போகும் பெரியப்பா ஐயாசாமிக்கு இது நல்ல வேடிக்கை.

"முப்பத்து முக்கோடியை விட்டுட்டு மூணுக்குப் போன. இப்ப ஒண்ணுங்கற. அடுத்தது சைபரா, கோசோங்காடா?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "மூணு சாமி இல்ல மாமா. பிதா, குமாரன், ஆவின்னு இருக்கிற ஒரே கடவுள்."

"சாகிறவர் எப்படிக் கடவுளா இருக்க முடியும், மலர்?" என்றார் அப்பா. "இயேசு ஜெபம் பண்ணினாரே, யார்கிட்ட? தன்கிட்டயேவா?"

"கடவுளே இறங்கி வந்து செத்தாத்தான் அது அன்பு. வேற ஒருத்தரை அனுப்பிச் சாகவிட்டா அதுக்குப் பேர் என்னங்க?"

"மனுஷனா இருந்து கடைசிவரை கீழ்ப்படிஞ்சாரே, அது சின்ன விஷயமா?"

"வெறும் மனுஷன் என்னைக் காப்பாத்த முடியாது."

வீட்டு ஜெபத்தை அம்மா மூன்று நாமங்களையும் சொல்லி முடிப்பார். அப்பா தலைகுனிந்து நிற்பார், ஆமென் வராது. அப்பா ஜெபித்தால் இயேசுவின் வழியாகப் பிதாவிடம் முடிப்பார். அதற்கு அம்மாவிடமிருந்து ஆமென் வராது. நான் இரண்டுக்கும் சொல்வேன்.

சபையிலும் அந்த இடம் வந்தால் அப்பா வாய் திறப்பதில்லை. கவனித்துவிட்டார்கள். கடவுள் ஒருவர் என்கிறாராம், அப்படியென்றால் முஸ்லிமாகப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. இந்த ஊரில் அது சும்மா பேச்சு இல்லை. செத்தால் உடல் குடும்பத்துக்கா, இஸ்லாமிய மத இலாகாவுக்கா என்பது வரை போகும்.

"ஒரு தடவை சும்மா வாயசைங்களேன்," என்று அம்மா அழுதார்.

"யாரை ஏமாத்த?"

வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழவில்லை.

கூடத்தில் பெட்டி. சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி இன்னும் வெட்டவில்லை. தனக்கும் அங்கேதான் என்று அம்மா எப்போதும் சொல்வார். பாஸ்டர் சபாபதி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"லோஷினி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. விசுவாசத்துல இல்லாதவரை அங்க அடக்கம் பண்ண எனக்கு வழியில்ல. அப்பா கடைசியில திரித்துவத்தை ஏத்துக்கிட்டாரா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அம்மா கதவோரம் நின்றார். ஆமாம் சொல் என்று அவர் முகம் கெஞ்சியது.

"இல்ல பாஸ்டர்," என்றேன். "வேற மதத்துக்கும் போகல, இயேசுவை விடவும் இல்ல. ஆனா அவரைக் கடவுள்னு சொல்லல."

அம்மா கதவைவிட்டு உள்ளே வந்தார். "ஏன்டி சொன்ன?"

பாஸ்டர் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "இயேசுவை விடலன்னு சொல்ற, இடம் தர்றேன். ஆராதனை நடத்த மாட்டேன். நீங்களே ஜெபம் பண்ணிக்கோங்க," என்றார்.

குழியருகே அம்மா ஜெபித்தார். தன் வழக்கப்படியே முடித்தார்; மூன்று நாமங்களில் எதையும் விடவில்லை.

இறந்த அந்த வாரத்தின் தொடக்கத்தில் அப்பா எனக்குப் போன் செய்திருந்தார். பாஸ்டர் வீடு தம்போயில். சனிக்கிழமை அங்கே போய், தான் நம்புவது இன்னதென்று நேரில் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். "நானே சொல்றதுதான் மரியாதை. உங்க வாயால அவருக்குத் தெரிய வேணாம்."

சனிக்கிழமை அவரைப் புதைத்தோம்.