தண்ணீர் முறை

சிங்கவரம் கன்னியப்பனுக்கு வாய் அதிகம். டீக்கடையில் உட்கார்ந்தால் ஊர் வழக்கு முழுவதையும் அவரே தீர்த்துவைப்பார். அப்பேர்ப்பட்டவர் கேட்கவேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கும் தம்பி பூபதிக்கும் அப்பா ஆளுக்கொரு ஏக்கர் பிரித்தபோது, கிணறு தம்பி பக்கம் விழுந்தது. தண்ணீரை வாய்ச்சொல்லாகவே பங்கு வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி அண்ணனுக்கு. செவ்வாய், வியாழன், சனி தம்பிக்கு. ஞாயிறன்று கிணறு ஊறவேண்டும், யாரும் மோட்டார் போடக்கூடாது. முப்பது வருஷம் இருவரும் முறை தவறவில்லை. முறை நாளென்றால் கன்னியப்பன் மாமனார் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகமாட்டார்.

சுற்றிலும் இருந்த கொல்லைகளை மனை விற்பவர்கள் வாங்கி, மனைக்கல் நட்டுக் கொடி கட்டினார்கள். மகள் கல்யாணத்துக்காகப் பூபதியும் தன் ஏக்கரைக் கிணற்றோடு அவர்களுக்கு விற்றான். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து அண்ணனுடையது. தண்ணீருக்கு ஒரு வரி எழுதச் சொல்லலாமா என்று பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்குவதா? கூச்சமாக இருந்தது, கேட்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

வேர்க்கடலை காய் பிடிக்கிற சமயம். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பாய்ச்சப் போனால், கிணறு இருந்த இடத்தில் ஜேசிபி மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தது. மோட்டாரைக் கழற்றி வரப்பில் வைத்திருந்தார்கள். நல்ல மனுஷர்கள், துடைத்துவேறு வைத்திருந்தார்கள்!

பூபதி ஓடிவந்தான். "கெணத்த மூடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுத வெச்சிருப்பேனே. நீயும் விக்கப்போற, அதான் கேக்கலன்னு நெனச்சிட்டேன்."

"உன்கிட்ட போய் எப்படிடா கேப்பேன்?"

வரப்பில் உட்கார்ந்து இருவரும் அழுதார்கள். அழுது என்ன பிரயோசனம்?

மழையும் கைவிட்டது. மூன்றாம் வாரம் கன்னியப்பனும் மனைவி மீனம்பாளும் செடிகளைப் பிடுங்கினார்கள். காயை உடைத்தால் உள்ளே பருப்பே இல்லை. மாட்டுக்காகக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைத் தரகர் வந்து நின்றார்.

"பெரியவரே, நெலத்த அளக்க என்னிக்கு வரட்டும்? உங்களுக்குத் தோதான நாளா சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அது. கன்னியப்பன் கைமண்ணைத் தட்டினார்.

"என்னிக்கு வேணா வா. எனக்கு இனிமே முறை நாளே கெடையாது."

மீனம்பாள் அவரைப் பார்க்க முடியாமல் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.